பதக்கம் ஒட்டிய புட்டியை எவ்வளவு நம்பலாம்?

விலை உயர்ந்த ஒயினுக்கு அதன் பெயரே சாட்சி. விலை குறைந்த ஒயினுக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. அந்த இடத்தில்தான் போட்டி நடுவர்கள் வருகிறார்கள். 'யார் செய்தது, என்ன விலை என்று தெரியாமல் சுவைத்தோம், நன்றாக இருந்தது' என்பதுதான் புட்டியில் ஒட்டியிருக்கும் தங்க வட்டத்தின் பொருள்.

"இதுல என்ன விமர்சனம் வேண்டிக் கிடக்கு? குடிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்ல?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் குடித்துப் பார்க்கும் முன்பே காசு கொடுத்துவிட வேண்டியிருக்கிறதே. புத்தகமும் அப்படித்தான். வாசித்த பிறகு யாரும் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. அதனால்தான் விருதுகளையும் மதிப்புரைகளையும் நம்பி வாங்குகிறோம். பெயரை மறைத்துத் தீர்ப்பளிக்கும் முறை நம் சிறுகதைப் போட்டிகளிலும் இருக்கிறது. அதன் பலமும் பலவீனமும் தென்னாப்பிரிக்க ஒயின்களில் இன்னும் துலக்கமாகத் தெரிகின்றன. தரத்துக்கும் விலைக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி உள்ள ஒயின் நாடுகள் குறைவு.

ஏன் இவ்வளவு மலிவு?

1659 பிப்ரவரி 2ஆம் தேதி, கேப் பகுதியின் திராட்சையிலிருந்து முதன்முறையாக ஒயின் பிழியப்பட்டதை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி யான் வான் ரீபெக் தம் நாட்குறிப்பில் பதிந்தார். 1685இல் தொடங்கிய கான்ஸ்டான்ஷியா தோட்டத்தின் இனிப்பு ஒயின் பிற்பாடு ஐரோப்பிய அரண்மனைகள்வரை போனது. செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அது போயிருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் 1811ஆம் ஆண்டு நாவலில் மனவேதனைக்கு மருந்தாக வந்து போகிறது.

அப்படிப்பட்ட பெயர் எப்படி மங்கியது? காரணங்கள் பல. முக்கியமானது அமைப்பு சார்ந்தது. 1918இல் விவசாயிகளின் கூட்டுறவாக உருவான கே.டபிள்யூ.வி. குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது, மிஞ்சியதை வாங்கிக் காய்ச்சி வடித்தது. விவசாயி பிழைத்தார். ஆனால் எவ்வளவு விளைந்தது என்பதற்குத்தான் காசு, எப்படி விளைந்தது என்பதற்கு இல்லை. எங்கே எவ்வளவு பயிரிடலாம் என்ற கட்டுப்பாடு 1992வரை நீடித்தது. இதற்கிடையில் நிறவெறி ஆட்சிக்கு எதிரான தடைகளால் உலகச் சந்தையும் மூடிக்கிடந்தது. 1994க்குப் பிறகு கதவு திறந்தபோது தென்னாப்பிரிக்க ஒயின் பிரிட்டிஷ் பேரங்காடிகளின் மலிவு வரிசையில் போய் நின்றது. முதலில் எந்த விலையில் அறிமுகமானதோ, அந்த விலை மனத்தில் ஒட்டிக்கொண்டது. ராண்டின் மதிப்பு விழவிழ அது இன்னும் இறுகியது.

இந்தக் கதையின் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. செனின் பிளாங்க் திராட்சையை உள்ளூரில் ஸ்டீன் என்பார்கள். பிராந்திக்கும் மலிவு வெள்ளை ஒயினுக்கும் என்று அதை ஏராளமாக நட்டார்கள். இன்று அந்நாட்டில் மிக அதிகமாகப் பயிராவது அதுதான். அப்படி நட்டு மறந்த கொடிகள் ஸ்வார்ட்லாண்ட் போன்ற வறண்ட பகுதிகளில், பாசனமில்லாமல், குத்துச்செடிபோல் நின்று முதுமை அடைந்தன. முதிய கொடி குறைவாகக் காய்க்கும், ஆனால் சுவை செறிவாக இருக்கும். பாரிஸ் கடையில் செறிவுக்குத் தனி விலை. கேப்பில் அது பல வருடம் மலிவாகவே கிடைத்தது.

ஒரு திராட்சைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த போட்டி

பினோடாஜ் திராட்சையை 1925இல் ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகத்தின் ஆபிரகாம் இசாக் பெரோல்ட் உருவாக்கினார். பினோ நுவாரையும், அங்கே ஹெர்மிடாஜ் என்று அழைக்கப்பட்ட சான்ஸோவையும் கலந்து பிறந்தது. பல ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1959இல் கேப் ஒயின் போட்டியில் பெல்வியூ தோட்டத்தின் பினோடாஜ் முதலிடம் பிடித்தது. 1961இல்தான் லான்ஸெராக் புட்டியில் 'பினோடாஜ்' என்ற பெயர் முதன்முதலாக அச்சானது.

அதாவது, முகவரி இல்லாத ஒன்றைப் போட்டி மேடைக்குக் கொண்டுவந்தது. பெயர் தெரிந்திருந்தால் நடுவர்கள் அதை மதித்திருப்பார்களா என்பது சந்தேகமே. பிறகும் பினோடாஜின் பாதை நேராகப் போகவில்லை. பெயின்ட் வாடை, வாழைப்பழ வாடை என்று வெளிநாட்டு விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். 1991இல் லண்டனின் சர்வதேச ஒயின் மற்றும் மதுபானப் போட்டி, கனோன்காப் தோட்டத்தின் பேயர்ஸ் ட்ரூட்டரை ஆண்டின் சிறந்த ஒயின் தயாரிப்பாளராகத் தேர்ந்தெடுத்தது. பினோடாஜ் மறுபடி எழுந்தது. ஒரு போட்டி அறிமுகப்படுத்தியதை இன்னொரு போட்டி முப்பது வருடம் கழித்து மீட்டது. சும்மா சொல்லக்கூடாது, இதை விளம்பரத்தால் மட்டும் செய்திருக்க முடியாது.

நடுவர் அறையில் நடப்பது எளிமையானது. ஒரே வகைத் திராட்சையின் ஒயின்கள், எண் மட்டும் இட்ட கோப்பைகளில் வரிசையாக வரும். குழுவில் சிலர் தனித்தனியே மதிப்பெண் போட்டு, பிறகு பேசி முடிவெடுப்பார்கள். கூட்டுறவுத் தொழிற்சாலையின் 80 ராண்ட் செனினும், புகழ்பெற்ற பண்ணையின் 500 ராண்ட் செனினும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விலையட்டை இல்லாத அந்தச் சில நிமிடங்கள்தான் மலிவான நல்ல ஒயினுக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

நாக்கும் தடுமாறும்

இனி மறுபக்கம். ராபர்ட் ஹாட்ஜ்சன் கலிஃபோர்னியாவில் சிறிய ஒயின் பண்ணை நடத்தியவர், புள்ளியியல் தெரிந்தவர். தன் ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்கி அடுத்ததில் ஒன்றுமில்லாமல் போவது ஏன் என்று யோசித்தார். கலிஃபோர்னியா மாநிலப் போட்டியில் ஒரு சோதனை வைத்தார். ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய மூன்று கோப்பைகள், நடுவருக்குத் தெரியாமல், வரிசையில் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டன. 2008இல் வெளியான முடிவு: ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவரே மூன்றுக்கும் ஒரே பதக்க அளவில் மதிப்பெண் போட்டிருந்தார். 2009இல் அவர் 13 அமெரிக்கப் போட்டிகளை ஒப்பிட்டார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளுக்குப் போன 2,440 ஒயின்களில் 47 விழுக்காடு எங்காவது தங்கம் வாங்கியிருந்தன. அப்படித் தங்கம் வாங்கியவற்றில் 84 விழுக்காடு வேறொரு போட்டியில் எதுவுமே வாங்கவில்லை.

இதைச் சொன்னதும் "அப்படின்னா எல்லாமே ஏமாத்து வேலை" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. நாக்கு களைப்படையும். கனமான, மரப்பீப்பாய் வாசம் தூக்கலான ஒயினுக்கு அடுத்து வரும் மென்மையான ஒயின் தண்ணீர்போல் தெரியும். நூறு கதைகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவருக்கும் இதுதான் கதி. முதல் பத்தியிலேயே பிணம் விழும் கதை நினைவில் நிற்கும், அமைதியாக நகரும் கதை அடிபடும். இதில் யாரும் ஏமாற்றவில்லை, உடம்பின் எல்லை அவ்வளவுதான். ஆகவே ஒரு பதக்கம் தீர்ப்பு ஆகாது, அது ஒரு துப்பு. வெவ்வேறு போட்டிகளில், வெவ்வேறு ஆண்டுகளில், அதே புட்டி திரும்பத்திரும்பத் தேர்வானால் அந்தத் துப்புக்கு எடை கூடும்.

பணத்தின் கணக்கும் இருக்கிறது. ஒயினை அனுப்புகிறவர் நுழைவுக் கட்டணம் கட்டுகிறார். வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த வருடம் அனுப்ப யோசிப்பார். அதனால் பதக்கங்கள் பெருகும் ஆபத்து எப்போதும் உண்டு. சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பின் ஆதரவில் நடக்கும் போட்டிகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் பதக்கம் தரக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். அந்த விதிக்குள் வராத போட்டிகளும் உண்டு. இன்னொன்று, போட்டிக்கே வராத நல்ல ஒயின்களைப் பற்றிப் பதக்கப் பட்டியல் எதுவும் சொல்லாது.

இதற்கு மாற்று என்று 1980 முதல் வரும் பிளாட்டர் வழிகாட்டியைச் சொல்வார்கள். அதில் சுவைப்பவருக்குப் புட்டியின் பெயர் தெரியும். ஐந்து நட்சத்திரத்துக்குத் தகுதியானவை மட்டும் பிறகு பெயர் மறைத்துச் சுவைக்கப்படும். பெயர் தெரிந்தால் பண்ணையின் மண்ணையும் முந்தைய ஆண்டுகளையும் சேர்த்து எடைபோடலாம் என்பது ஒரு கட்சி. தெரிந்தால் புகழுக்குத் தலை வணங்கிவிடுவோம் என்பது எதிர்க்கட்சி. எனக்கு இரண்டும் வேண்டும். அறிமுகம் இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கப் பெயரை மறைப்பது நல்லது, கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ளப் பெயரும் ஊரும் வேண்டும்.

கோப்பையில் தெரியாதது

பெயர் மறைத்த கோப்பை விலையை மறைக்கிறது. கூடவே உழைப்பையும் மறைக்கிறது. என் பெரிய மனக்குறை இதுதான்.

கேப்பின் முதல் தோட்டங்கள் அடிமைகளின் கைகளால் எழுந்தவை. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்களோடு, வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் டச்சுக் கம்பெனி ஆட்களைக் கொண்டுபோனது. 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'டாப்' என்ற வழக்கம் தொடர்ந்தது. கூலியின் ஒரு பகுதியை மலிவு ஒயினாகவே, நாளில் பலமுறை ஊற்றிக் கொடுப்பது. சட்டம் தடுத்த பிறகும் பல பத்தாண்டுகள் அது நின்றபாடில்லை. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் உலகில் மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப் ஒன்று.

தோட்டத்துக் கள்ளுக்கடைகளைக் கதைகளில் வாசித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமல்ல. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. இங்கே கொடுத்த கூலி கள்ளுக்கடை வழியாகப் பிடுங்கப்பட்டது. அங்கே கூலியே மதுவாக வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2012 கடைசியில் டி டோர்ன்ஸ் திராட்சைத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம், ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 69 ராண்டாக இருந்தபோது நடந்தது. 2013இல் அது 105 ஆனது. மலிவான நல்ல ஒயினைத் தேடும்போது, அது யாருடைய செலவில் மலிவானது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் எப்படி வாங்குவது?

சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை விலையைப் பார்ப்பதில்லை, சாராய அளவைப் பார்க்கிறது. லிட்டர் சாராயத்துக்கு 88 வெள்ளி. 13.5 விழுக்காடு உள்ள ஒரு சாதாரணப் புட்டிக்கு ஏறத்தாழ 8.90 வெள்ளி. 5 வெள்ளி ஒயினுக்கும் அதே தீர்வை, 50 வெள்ளி ஒயினுக்கும் அதே தீர்வை. எனவே இங்கே மிக மலிவான புட்டியில் நாம் கொடுக்கும் காசில் பெரும்பகுதி திராட்சைக்குப் போவதே இல்லை. ஒரு படி மேலே போனால் கூடுதல் காசு பெரும்பாலும் ஒயினுக்குப் போகும்.

அடுத்து, புட்டியில் உள்ள ஒட்டிகளைப் பிரித்து வாசிக்க வேண்டும். எல்லாம் ஒன்றல்ல. பதக்கம் ஓர் அபிப்பிராயம். எந்தப் போட்டி, எந்த ஆண்டின் ஒயினுக்குக் கொடுத்தது என்று பாருங்கள். போன வருடத் தங்கம் இந்த வருட ஒயினுக்குச் செல்லாது. முதிய கொடித் திட்டத்தின் முத்திரை ஒரு தகவல். கொடிக்கு 35 வயதுக்கு மேல் ஆகிவிட்டது என்பதையும் நட்ட ஆண்டையும் சொல்லும். ரோசா க்ரூகர் வருடக்கணக்கில் தோட்டம் தோட்டமாக அலைந்து தேடிய கொடிகளிலிருந்து வளர்ந்த திட்டம் அது. முதிய கொடிகளைப் பிடுங்கி எறியாமல் இருக்க விவசாயிக்கு ஒரு காரணமும் தருகிறது. மூன்றாவது, 2002இல் தொடங்கிய வியெட்டா அமைப்பின் நியாயமான தொழில்முறை முத்திரை, அல்லது ஃபேர்டிரேட் முத்திரை. இவை யாரோ பண்ணைக்குப் போய்த் தொழிலாளர் நிலையைச் சோதித்ததற்கான சான்று. இதுவும் முழுமையானதல்ல. 2016இல் வந்த ஒரு டேனிஷ் ஆவணப்படம் இந்தச் சான்றுகளைப் பற்றியே கடுமையான கேள்விகள் எழுப்பியது. கேள்வி கேட்க ஒரு முத்திரையாவது இருக்கிறதே என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

மூன்றும் ஒரே புட்டியில் அமைவது அரிது. ஒரு செனினில் இரண்டு இருந்தாலே தயங்காமல் எடுப்பேன். பதக்கம் மட்டும் இருந்தால், புட்டியைத் திருப்பிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன். விருது வாங்கிய நூலையும் பின்னட்டையோடு நிறுத்தாமல் நடுவில் இரண்டு பக்கமாவது புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.