பன்னிரண்டு தந்தியும் ஒரு பெட்டியும்

வழக்கமான பன்னிரண்டு தந்தி கிடாரில், மேல்ஸ்தாயித் தந்தி உள்ள ஒவ்வொரு ஜோடியிலும் மெல்லியது மேலே இருக்கும், தடித்தது கீழே. கை கீழ்நோக்கி இறங்கும்போது பிக் முதலில் தொடுவது மெல்லியதைத்தான். ரிக்கன்பேக்கர் 360/12 மாடலில் இந்த வரிசையை மாற்றிப் போட்டார்கள். தடித்தது முதலில், மெல்லியது பின்னால். இரண்டுக்கும் இடையே கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனாலும் காது அதைப் பிடித்துவிடுகிறது. முதலில் சுரத்தின் உடம்பு வருகிறது, அதன் தோளில் ஏறிக்கொண்டு மினுமினுப்பு வருகிறது. அந்தக் கிடாரின் கிணுகிணுப்பில் பாதி இந்த வரிசையில்தான் இருக்கிறது என்பேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆறு ஜோடிகளில் கீழ் நான்கிலும் ஒரு தந்திக்கு அதன் மேல்ஸ்தாயி துணை. மேலிரண்டு ஜோடிகளில் இரண்டு தந்தியும் ஒரே சுருதி. இதனால் ஒரு வேடிக்கை நேர்கிறது. விரல் வைக்காமல் மீட்டினால் முதல் தந்தி ஒலிப்பது சுமார் 330 ஹெர்ட்ஸ். மூன்றாம் ஜோடியின் மெல்லிய தந்தியோ 392. கிடாரின் உச்ச சுரம் ஓரத்தில் இல்லாமல் நடுவே ஒளிந்துகொண்டிருக்கிறது! ஒரு கார்டை மேலிருந்து கீழே வருடினால், சுரங்கள் படிப்படியாக ஏறுவதற்குப் பதில் நடுவில் ஒரு துள்ளல் துள்ளிவிட்டு இறங்குகின்றன. இந்தக் கிடாருக்கு எந்த ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) வாங்கினாலும் முதலில் அதன் முன் நின்று இந்தத் துள்ளல் தனியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மற்ற பெருமைகளைப் பேசிப் பயனில்லை.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதன்முறையாக அமெரிக்கா போனபோது, ரிக்கன்பேக்கர் உரிமையாளர் பிரான்சிஸ் ஹால் தன் கருவிகளை நியூயார்க்கில் அவர்களுக்குக் காட்டினார். ஜார்ஜ் ஹாரிசன் தொண்டை வலியோடு ஓட்டல் அறையில் படுத்திருந்தார். கிடாரை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நிறுவனம் செய்த இரண்டாவது பன்னிரண்டு தந்தி அது. அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று 'எ ஹார்ட் டேஸ் நைட்' ஒலிப்பதிவானது. எல்லோரும் அதன் முதல் கார்டைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் பிடித்தது பாட்டின் வால். பாட்டு மெல்லக் கரையும்போது ஹாரிசன் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டிக்கொண்டே போவார். அங்கே டிரம்ஸின் ஆர்ப்பாட்டம் அடங்கி, ஒவ்வொரு ஜோடியின் இரண்டு குரலையும் எண்ணிவிடலாம். நடுவில் வரும் கிடார் தனிப்பகுதியில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பியானோவும் கூடவே ஓடுகிறது. டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பதிந்தது அது. கேட்டுப் பாருங்கள், எது தந்தி, எது பியானோ என்று பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கும்.

அந்த ஆண்டுகளில் பீட்டில்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்றவை வாக்ஸ் ஆம்ப்கள். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில், டாம் ஜென்னிங்ஸின் கம்பெனியில் டிக் டென்னி வடிவமைத்தவை. முதலில் வந்தது 15 வாட் ஏசி15. ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே ஹாங்க் மார்வினின் ஷாடோஸ் குழுவுக்கு அது போதவில்லை. அதை இரட்டித்து ஏசி30 பிறந்தது. கூச்சலுக்குப் பதிலாகப் பிறந்த பெட்டி, நுணுக்கமான ஒலிக்குப் பேர் வாங்கியது விசித்திரம்தான்.

ஏசி30 ஏன் இந்தக் கிடாருக்கு இப்படிப் பொருந்துகிறது? உள்ளே நான்கு இஎல்84 வால்வுகள் ஒலியைத் தள்ளுகின்றன. பல ஆம்ப்களில் வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டு, பிழையைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இருக்கும். ஒலி ஒழுங்காகும், கொஞ்சம் இறுக்கமும் ஆகும். ஏசி30 அந்தக் கடிவாளம் இல்லாத குதிரை. மேல் சுரங்கள் தயங்காமல் வெளியே வருகின்றன. மின்சாரத்தை நேராக்கும் வேலையையும் அந்தக் காலப் பெட்டிகளில் ஜிஇசட்34 என்ற வால்வே செய்தது. ஓங்கி ஒரு கார்டு அடித்தால், அந்த நொடியில் மின்னழுத்தம் சற்றே தொய்கிறது. அடியின் முனை மழுங்குகிறது. பிறகு மின்சாரம் நிமிர்ந்து வரும்போது சுரத்தின் வால் மேலெழுகிறது. பன்னிரண்டு தந்திக்கு இது பெரிய உபகாரம். மெல்லிய தந்திகள் சீக்கிரம் ஓய்ந்துவிடும் இயல்புள்ளவை. வால் உயர்ந்தால் அவற்றின் கார்வையும் ஒரு மூச்சு நீள்கிறது.

இதற்கு மேல், செலஸ்டியன் கம்பெனியின் நீல நிற ஸ்பீக்கர்கள், 12 அங்குலத்தில் இரண்டு. வாக்ஸ் ஒலியில் பலர் மணியோசை என்று சொல்வதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். 'டாப் பூஸ்ட்' என்ற கூடுதல் சுற்று அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. முதலில் பெட்டியின் பின்புறத்தில் ஒட்டவைத்த பகுதியாக இருந்து, பிறகுதான் முன்னுக்கு வந்தது. அதன் ட்ரெபிள், பேஸ் குமிழ்கள் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டையும் ஏற்றினால் ஒலியின் நடுப்பகுதி பள்ளமாகிறது. இரண்டையும் இறக்கினால் அந்தப் பள்ளம் நிரம்புகிறது. 'கட்' என்று தனியே ஒரு குமிழ். இதை வலப்பக்கம் திருப்பினால் மினுமினுப்பு கூடுவதில்லை, குறைகிறது. புதிதாக வாங்கியவர்கள் பெட்டி கெட்டுவிட்டதோ என்று பதறுவது இங்கேதான்.

இந்தக் கிடாரைச் சிதைவொலியில் வாசிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வாசிக்கலாம், ஆனால் பன்னிரண்டு தந்தி எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். ஒரே சுருதியில் இருக்க வேண்டிய இரண்டு தந்திகள் ஒருபோதும் முழுமையாகச் சேர்வதில்லை. ஒன்று 330, மற்றது 331 என்றால் நொடிக்கு ஒரு அலை எழுந்து அடங்கும். அந்த மெல்லிய நடுக்கம்தான் அழகு. வால்வு திணறி ஒலி உடையத் தொடங்கியதும், ஒவ்வொரு சுரமும் மற்றதோடு கூடியும் கழிந்தும் யாரும் வாசிக்காத புதுச் சுரங்களைப் பெற்றெடுக்கின்றன. ஆறு தந்தியிலேயே அது கூட்டம். பன்னிரண்டில் சந்தை. ஆகவே உடைவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில்தான் மேலே சொன்ன தொய்வும் நிமிர்வும் கைக்குக் கிடைக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், ஏசி30 அந்த இடத்துக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். எடையும் 30 கிலோவைத் தாண்டும். வீட்டில் வாசிப்பவருக்கு ஏசி15 போதும். இரண்டே இஎல்84, அதே குணம், சீக்கிரமே மயிரிழைக்கு வந்து சேரும்.

ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் வேறு மதம். 85 வாட், நன்றாக ஏற்றினாலும் தெளிவு எளிதில் கலையாது. ஒலி அகலமாக, கண்ணாடி போலத் துல்லியமாக விரிகிறது. மேடையில் இரண்டு கிடாரும் ஒரு ஆர்கனும் இருக்கும்போது அது காப்பாற்றும். ஆனால் நடுப்பகுதி அதில் இயல்பாகவே சற்று உள்வாங்கியிருப்பதால், தடித்த தந்தியின் மரத்தட்டல் போன்ற தொடக்கம் மங்கி, மினுமினுப்பு மட்டும் மிஞ்சுவதாக எனக்குப் படுகிறது. ரோலண்ட் ஜேசி-120, 1975-இல் வந்தது. வால்வே இல்லை, இரண்டு 60 வாட் ஆம்ப்கள் ஒரே பெட்டியில். அதன் புகழே கோரஸ் வசதிதான். ஒரு தந்தியை இரண்டாக்கிக் காட்டும் வித்தை அது, ஜானி மார் போன்ற ஆறு தந்திக்காரர்களுக்கு வரம். பன்னிரண்டு தந்தியோ ஏற்கெனவே இரண்டு இரண்டாகத்தான் பேசுகிறது. அதற்குக் கோரஸ் போடுவது சர்க்கரைப் பொங்கலில் தேன் ஊற்றுவது. கோரஸை அணைத்துவிட்டால் பெட்டி நல்ல பெட்டி.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு குறும்பையும் சொல்லியாக வேண்டும். இந்த ஒலியின் உச்சம் என்று எல்லோரும் கைகாட்டும் பதிவில் ஆம்பே இல்லை. பீட்டில்ஸ் படத்தில் ஹாரிசன் கையில் அந்தக் கிடாரைப் பார்த்துவிட்டு பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மக்வின் தானும் ஒன்று வாங்கினார். 1965 ஜனவரி 20 அன்று, ஹாலிவுட்டின் கொலம்பியா ஸ்டூடியோவில், அந்தக் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டுக்காக அந்தக் கிடார் நேராக ஒலிப்பதிவு மேசைக்குள் போயிற்று. நடுவில் கம்ப்ரசர் வைத்து நன்றாக நசுக்கினார்கள். ஓங்கும் ஒலியைத் தாழ்த்தி, தாழும் ஒலியைத் தூக்கிப் பிடிக்கும் கருவி அது. ஓயவேண்டிய சுரம் ஓயாமல் நின்றது. கிடார் ஸ்பீக்கர்கள் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் குரலை விட்டுவிடும் இயல்புள்ளவை. ஸ்பீக்கரே இல்லாததால் அந்த வேலியும் இல்லை. மக்வின் பிக்கோடு நடு விரலிலும் மோதிர விரலிலும் உலோக நகங்களை மாட்டிக்கொண்டு, பாஞ்சோக்காரரைப் போலச் சுரங்களை உருட்டுவார். நின்று நீளும் கார்வை மேல் அடுத்த சுரம் வந்து விழ, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தளும்புகின்றன. பின்னாளில் ரிக்கன்பேக்கர் அவர் பெயரில் செய்த 370/12 மாடலில் கம்ப்ரசரைக் கிடாருக்குள்ளேயே பொதித்துவிட்டார்கள்.

அப்படியானால் ஆம்ப் தேடுபவர் உண்மையில் தேடுவது, அந்தக் கம்ப்ரசர் செய்த வேலையில் எவ்வளவைப் பெட்டியே செய்துகொடுக்கும் என்பதைத்தான். வாக்ஸ் கொஞ்சம் செய்கிறது, தன் பாணியில், சூடாக. ட்வினும் ஜேசியும் செய்வதில்லை. அவற்றின் முன்னால் ஒரு கம்ப்ரசர் பெடலை வைத்துவிட்டால் மக்வினுக்கு அருகில் போகலாம். ஹாரிசன் வேண்டுமா, மக்வின் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. இரண்டையும் ஒரே பெட்டியில் கேட்டால் கடைக்காரர் மூன்றாவது ஒன்றை விற்றுவிடுவார்.

என் கை வாக்ஸ் பக்கம்தான் நீளும். பேஸ் கால்வாசி, ட்ரெபிள் பாதிக்குச் சற்று மேல், கட் பாதி. தட்டையான கம்பி சுற்றிய தந்தி போட்டிருந்தால் ட்ரெபிளை இன்னும் ஒரு விரல் ஏற்றலாம். தடித்த தந்திகளின் உரசல் சத்தம் அடங்கியிருப்பதால் வரும் மினுமினுப்பு அனைத்தும் மெல்லிய தந்திகளிலிருந்தே வருகிறது, காதைக் கீறாது. குமிழ்களைத் திருப்பும்போது மட்டும் பெட்டியைத் தரையில் வைத்து நின்றுகொண்டு கேட்கக் கூடாது. 12 அங்குல ஸ்பீக்கரின் மேல் சுரங்கள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேரெதிரே மட்டும் பாய்பவை. முழங்காலுக்கு அவை போய்ச்சேரும், காதுக்கு வராது. நாற்காலி மேல் தூக்கி வைத்து, எதிரே நின்று திருப்ப வேண்டும். இல்லையென்றால் வாசிப்பவருக்கு ஒலி மந்தமாகவே தோன்றி ட்ரெபிள் ஏறிக்கொண்டே போகும், முன்வரிசையில் உட்கார்ந்தவர் காதைப் பொத்திக்கொள்வார்.