ஐந்து டிஸ்க், ஒரே மரம்

சி டிரைவ் நிரம்பி வழியும். டி டிரைவ் காலியாகக் கிடக்கும். விண்டோஸில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கூத்து தெரியும். லினக்ஸுக்கு வந்த பிறகும் பலர் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் கொட்டிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடடா, எவ்வளவு பெரிய சுகத்தை விட்டுவிடுகிறார்கள்!

லினக்ஸில் டிரைவுக்கு எழுத்தே கிடையாது. ரூட் என்று ஒரே வேர், அதிலிருந்து கிளைவிடும் கோப்புறைகள், அவ்வளவுதான். எந்தக் கோப்புறைக்குப் பின்னால் எந்த டிஸ்க் இருக்க வேண்டும் என்று நாம் சொல்லிவிடலாம். அதுதான் மவுண்ட். புதுச் சரக்கும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 இயந்திரத்தில் லினக்ஸின் மூதாதையான யுனிக்ஸை ஓட்டிய நாளிலேயே பயனர்களின் கோப்புகள் தனி டிஸ்க்கில் இருந்தன. (என் டிஸ்க் ஒன்று சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு குஷி.)

என் கணினியில் இப்போது 250 ஜிபி என்விஎம்இ ஒன்று, 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, ஹார்டு டிஸ்க் மூன்று. டெபியன் இன்ஸ்டாலரில் பார்ட்டிஷன் கட்டம் வந்ததும் ‘மேனுவல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். என்விஎம்இயில் பூட் ஆவதற்கான சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன், மீதி முழுக்க ரூட். சாட்டா எஸ்எஸ்டி அப்படியே ஹோம், அதாவது பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் கோப்புறை. ஹோமை ஹார்டு டிஸ்க்கில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு; நான் வைக்க மாட்டேன். பிரவுசர் ஒன்றே ஓயாமல் துக்கடா துக்கடாவாக எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். அந்தத் தொல்லை ஹார்டு டிஸ்க்குக்கு எதற்கு? படம், பாட்டு, வீடியோ போன்ற கனமான சாமான்கள் மட்டும் அங்கே போகட்டும்.

இந்தப் பிரிவினையின் அருமை மறுபடி இன்ஸ்டால் செய்யும்போதுதான் தெரியும். டெபியனை விட்டு ஃபெடோராவுக்குத் தாவிப் பார்க்க ஆசை வந்தது. என்விஎம்இயை மட்டும் ஃபார்மட் செய்தேன். சாட்டா டிஸ்க்கை ‘ஃபார்மட் வேண்டாம், ஹோமாக மாட்டு’ என்றேன். பழைய பயனர் பெயரையே கொடுத்தேன். இரண்டிலுமே முதல் பயனருக்கு 1000 என்ற எண்தான் கிடைக்கும் என்பதால் அனுமதித் தகராறும் இல்லை. உள்ளே நுழைந்தால் அதே வால்பேப்பர், அதே புக்மார்க், பாதியில் விட்ட அதே கட்டுரை! நாற்காலியிலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

இத்தனைக்கும் சூத்திரதாரி எஃப்எஸ்டேப் என்ற ஒரு சின்ன உரைக்கோப்பு. மாட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எந்த டிஸ்க், எங்கே மாட்ட, என்ன வகை, என்ன நிபந்தனை, கடைசியில் இரண்டு எண்கள். டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்று குறிக்காதீர்கள். பூட் ஆகும்போது அந்தப் பெயர்கள் இடம் மாறக்கூடும். யுயுஐடி என்ற நீளமான அடையாள எண்ணைப் போட்டால், சாட்டா கேபிள்களை மாற்றிச் செருகினாலும் கணினி அலட்டிக்கொள்ளாமல் எழும். ஹார்டு டிஸ்க் வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லும் அவசியம். இல்லாவிட்டால் டிஸ்க் ஒன்று படுத்தால் கணினி 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இனி என் செல்லப்பிள்ளைக்கு வருகிறேன். மூன்று ஹார்டு டிஸ்க்கும் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஒரே கோப்பு முறைமையில் சேர்ந்திருக்கின்றன. 2007-இல் கிறிஸ் மேசன் ஆரக்கிளில் தொடங்கியது, 2009-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. என்னிடம் இருப்பவை 4 டிபி, 2 டிபி, 2 டிபி. ஒரே தரவை எல்லா டிஸ்க்கிலும் பிரதியெடுத்து வைக்கும் வழக்கமான ரெய்டு-1 முறையில் மூன்றையும் சேர்த்தால் மிகச் சிறிய டிஸ்க்கின் அளவுதான், அதாவது 2 டிபிதான், கைக்கு வரும். பிடிஆர்எஃப்எஸ் தரவை 1 ஜிபி துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஏதாவது இரண்டு டிஸ்க்கில் வைக்கிறது. அதனால் முழுசாக 4 டிபி கிடைக்கிறது. எந்த ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு பிழைக்கும். முதலில் 2 டிபி இரண்டுதான் இருந்தன. 4 டிபியைச் சேர்க்க ஒரு கட்டளை, தரவைப் பரப்பிவிட இன்னொன்று. அதே டிஸ்க்குகளிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு விக்கல்கூட இல்லை!

மாதம் ஒருமுறை ‘ஸ்க்ரப்’ ஓட விடுகிறேன். எழுதிய தரவு முழுவதையும் படித்து, செக்சம் என்ற சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று பார்க்கும். கெட்டுப்போனதை நல்ல பிரதியிலிருந்து திருத்திவிடும். ஒருமுறை தளர்ந்த கேபிளால் சில பிழைகள் சிக்கின. அத்தனையும் ‘கரெக்டட்’ என்று வந்த வரியைப் படம்பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். எக்ஸ்ட்-4 கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் வைப்பதில்லை. அங்கே இந்தக் கேடு சத்தமில்லாமல் போயிருக்கும்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் ரெய்டு-5, 6 பக்கம் மட்டும் போகாதீர்கள். அதன் ஆவணமே வேண்டாம் என்கிறது. ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடவும் வேண்டாம். தவறி அழித்த கோப்பு இரண்டு பிரதியிலும் அழியும்.

அடுத்து 8 டிபி ஒன்றின் மேல் கண் வைத்திருக்கிறேன். கேபினட்டில் இடமில்லாததால் 2 டிபி ஒன்றைக் கழற்றியாக வேண்டும். புதியதைத் தற்காலிகமாக யுஎஸ்பியில் செருகி, ‘ரீப்ளேஸ்’ கொடுத்து, முடிந்ததும் ‘ரீசைஸ்’ கொடுத்து, தரவை மறுபடி பரப்பிவிட்டால் கைக்கு வரும் 4 டிபி இடம் 6 டிபி ஆகிவிடும். பணம் சேரட்டும்.