ஈசிசி83-க்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்கியவர்களுக்கு முதல் ஆறு மாதம்தான் நிம்மதி. அதற்குள் யாராவது வந்து, "கம்பெனி போட்டுக் கொடுத்த வால்வா? அதைக் கழற்றிட்டு பழைய முல்லார்ட் போட்டுக் கேளுங்க சார், அப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்றிலிருந்து தேடல் ஆரம்பம். அவர் சொன்னது பொய்யில்லை. வால்வை மாற்றினால் ஒலி மாறத்தான் செய்கிறது. ஆனால் எந்த இடத்து வால்வு, எவ்வளவு மாற்றம், அதற்கு என்ன விலை என்று யாரும் சொல்வதில்லை. காசு கரைவது அங்கேதான்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது வழக்கமான புஷ்-புல் இன்டகிரேட்டட் ஆம்ப். ஒவ்வொரு சேனலுக்கும் முகப்பில் ஒரு ஈசிசி83, அதையடுத்து ஒரு ஈசிசி82, கடைசியில் ஒரு ஜோடி ஈஎல்34. இதே அமைப்பில் சந்தையில் ஏகப்பட்ட ஆம்ப்கள் கிடைப்பதால் கம்பெனிப் பெயர் இங்கே தேவைப்படவில்லை. ஈசிசி83 என்பது ஐரோப்பியப் பெயர். அமெரிக்க எண்ணில் 12ஏஎக்ஸ்7. இரண்டும் ஒன்றே.

முகப்புக்குப் போட்டுப் பார்த்தவை ஐந்து. புதியவற்றில் ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் தயாராகும் ஜேஜே ஈசிசி83எஸ், ரஷ்யாவின் சரட்டோவ் ஆலையிலிருந்து வரும் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ். பழையவற்றில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த முல்லார்ட், ஜெர்மன் டெலிஃபுங்கன், கடைசியாக நம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸின் 'பெல்' முத்திரை போட்டது. ஒரு காலத்தில் நம் வீட்டு வால்வு ரேடியோக்களுக்கு உள்ளே இருந்தவை இந்த பெல் வால்வுகள்தான். பிலிப்ஸ் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் இன்னமும் அட்டைப்பெட்டியோடு கிடைக்கின்றன.

கேட்பதற்கு முன் ஒரு தொல்லையைத் தீர்த்தாக வேண்டும். ஒரு வால்வை மாற்ற ஆம்பை அணைத்து, சூடு ஆறவிட்டு, கழற்றி, புதியதைச் செருகி, மறுபடி சூடேற விட வேண்டும். அரை மணி நேரம் போய்விடும். அரை மணிக்கு முன் கேட்ட ஒலியின் நுணுக்கத்தை எந்தக் காதும் நினைவில் வைத்திருக்காது. "மாற்றினேன், அப்படியே திரை விலகிவிட்டது" என்பவர்களில் பலர் ஒப்பிடுவது ஒலியை அல்ல, செலவழித்த பணத்தை.

அதைவிடப் பெரிய ஏமாற்று, சத்த அளவு. ஒரே எண்ணுள்ள இரண்டு வால்வுகளின் பெருக்கம்கூட ஒன்றுபோல் இருக்காது. அரை டெசிபல் கூடினாலே காது அதை 'சத்தம் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளாது. 'தெளிவு அதிகம்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஜவுளிக்கடை விளக்கில் புடவை பளிச்சென்று தெரிகிற கதைதான்.

இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க வழி இருக்கிறது. சேனலுக்கு ஒரு ஈசிசி83 இருக்கும் ஆம்ப்களில் இடப்பக்கம் ஒரு கம்பெனி, வலப்பக்கம் இன்னொரு கம்பெனி என்று செருகுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மோனோ சிக்னல் போகட்டும். 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளை அளந்து, பேலன்ஸ் குமிழால் சமன் செய்யுங்கள். இரண்டு வோல்ட்டில் 20 மில்லிவோல்ட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். பிறகு ஒரு ஸ்பீக்கரை மாற்றி ஒரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். அடுத்து வால்வுகளை இடம் மாற்றிச் செருகி மறுபடி அளந்து கேளுங்கள். ஸ்பீக்கராலும் அறையாலும் வந்த வித்தியாசம் இருந்த பக்கமே நிற்கும், வால்வால் வந்தது வால்வோடு பக்கம் மாறும். சில ஆம்ப்களில் ஒரே ஈசிசி83-இன் இரு பாதிகளும் இரு சேனல்களுக்குப் பகிரப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வித்தை பலிக்காது.

இப்படிச் சமன் செய்து கேட்டபோது ஐந்து வால்வுகளுக்கும் இடையிலான இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. சுருங்கியதே தவிர மறையவில்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் வயலின் உச்சத்துக்குப் போகும் இடங்களில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொஞ்சம் கூர்மை. வில் நரம்பில் உரசுவது துல்லியமாகக் கேட்கிறது, ஆனால் நீண்ட நேரம் கேட்டால் காது களைக்கிறது. ஜேஜே அதே இடத்தில் அடக்கம். ட்ரெபிள் தூக்கலான ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு இதுதான் பொருந்தும். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய நாகஸ்வர ஒலிப்பதிவுகளைப் போட்டால் இந்த வித்தியாசம் இன்னும் சீக்கிரம் பிடிபடுகிறது. ஏற்கெனவே இரைச்சலுள்ள பதிவில் கூர்மையைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே எழுந்து வருகிறது.

முல்லார்டின் பேர் போன 'கதகதப்பு' குரலில் தெரிந்தது. எம்.எஸ். பாடும்போது நடு ஸ்தாயியில் ஒரு சதைப்பிடிப்பு. அதை அடுத்து பெல்லைப் போட்டதும்தான் சுவாரசியம். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் பொருள் இது. நம் ஊர்ச் சரக்கு என்பதற்காகச் சொல்லவில்லை, கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

டெலிஃபுங்கன் வென்றது நிறத்தில் அல்ல, அமைதியில். தம்புரா மட்டும் ஒலிக்கும் நொடிகளில் பின்னணி இரைச்சல் மற்ற நான்கையும்விடக் குறைவு. முதல் வால்வில் எழும் இரைச்சல் அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் பெருகிக்கொண்டே ஸ்பீக்கருக்கு வருகிறது. அதனால் முகப்பு வால்வில் முதலில் பார்க்க வேண்டியது கம்பெனிப் பெயரல்ல, அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதுதான். வால்யூமைக் கேட்கும் அளவுக்கு வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணி ஒலித்தால், அந்த வால்வு ஸ்பீக்கரின் அதிர்வையும் அப்படியே இசையோடு கலந்துவிடும். விலை உயர்ந்த ஒன்று இந்தச் சோதனையில் தோற்றது. பெயர் வேண்டாம், ஒரு வால்வை வைத்து ஒரு கம்பெனியை எடை போட முடியாது.

ஈசிசி82-ஐ மாற்றியதில் சொல்லும்படி எதுவும் இல்லை. பெரும்பாலான புஷ்-புல் ஆம்ப்களில் ஸ்பீக்கர் முனையிலிருந்து முகப்புக்குத் திரும்பப் போகும் ஃபீட்பேக் ஒன்று இருக்கும். வால்வுகளின் தனிக்குணத்தைத் தட்டிச் சமன் செய்வது அதன் வேலை. ஃபீட்பேக் இல்லாத, 300பி போன்ற வால்வில் ஓடும் சிங்கிள்-எண்டட் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு நான் கேட்டதைவிட அதிக வித்தியாசம் கேட்கும்.

ஈசிசி83-இன் இடத்தில் ஈசிசி81-ஐச் செருகலாமா என்று கேட்பார்கள். பின்கள் ஒன்றுதான், எரியாது. ஆனால் பெருக்கம் 100-இலிருந்து 60-க்கு இறங்குகிறது, அது எதிர்பார்க்கும் மின்னோட்டமும் வேறு. சத்தம் அதிகமாகத் தெரிந்து வால்யூமை ஒன்பது மணிக்கு மேல் திருப்ப முடியாதவர்களுக்குப் பெருக்கம் 70 உள்ள 5751 நல்ல மாற்று. ஈசிசி88-ஐ மட்டும் தொடவே கூடாது. பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் அதன் ஃபிலமெண்ட் இணைப்பு வேறு, தாங்கும் வோல்ட்டேஜும் குறைவு.

இனி ஈஎல்34. பவர் வால்வு மாற்றியதும் பாஸ் இறுகியது, மிருதங்கத்தின் தொப்பி சரியாகப் பேசுகிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்டது. சந்தேகத்தில் பழைய வால்வுகளையே திரும்பப் போட்டு, இந்த முறை பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தை, அளந்தேன். இந்த ஆம்பில் பிளேட்டில் 430 வோல்ட். ஈஎல்34-இன் பிளேட் தாங்கக்கூடியது 25 வாட். அதில் 70 சதவீதம் என்றால் ஏறக்குறைய 40 மில்லிஆம்பியர், அதாவது பத்து ஓம் ரெசிஸ்டரில் 0.40 வோல்ட். மீட்டரில் வந்ததோ ஒன்றில் 0.46, இன்னொன்றில் 0.31. ஜோடி சமமில்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் டிசி மின்னோட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, பாஸ்தான் முதலில் தளரும். நான்கையும் 0.40-க்குக் கொண்டுவந்ததும் 'புது வால்வின் இறுக்கம்' என்று கேட்டதில் முக்கால்வாசி பழைய வால்விலேயே வந்துவிட்டது. இதைச் செய்யாமல் யார் பவர் வால்வு விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

பழைய முல்லார்ட் எக்ஸ்எஃப்2 வகை ஈஎல்34-களுக்குச் சொல்லப்படும் விலையில் என்னைக் கேட்டால் நியாயமே இல்லை. முகப்பு வால்வு பல்லாயிரம் மணி நேரம் தாங்கும். பவர் வால்வு சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்துவிடும் சரக்கு. அதிலும் நம் ஊரில் மின்சாரம் 250 வோல்ட்டுக்கு ஏறும் நேரங்களில் 6.3 வோல்ட் ஃபிலமெண்டுக்கு 6.8-க்கு மேல் போகிறது. அபூர்வ வால்வு வாங்கும் முன் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள். இன்னொன்று, நான்கு ஈஎல்34-களும் பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதே நூறு வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்குகின்றன. சென்னை மே மாதத்தில் இதை அலமாரிக்குள் வைப்பவரை எந்த முல்லார்டும் காப்பாற்றாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசியது போன்ற பளபளப்பு இருக்க வேண்டும். அது பால் வெள்ளையாகிவிட்டிருந்தால் காற்று உள்ளே போய்விட்டது, வால்வு செத்துவிட்டது. அசல் டெலிஃபுங்கனில் அடிப்பக்கக் கண்ணாடியில், பின்களின் நடுவே வைர வடிவம் ஒன்று அச்சாகியிருக்கும். பெயிண்டில் எழுதிய பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இன்று புதிதாக விற்கும் 'முல்லார்ட்', 'டங்-சால்' ஆகியவையும் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் வரும் அதே சரட்டோவ் ஆலையிலிருந்துதான் வருகின்றன. கெட்ட வால்வுகள் இல்லை, ஆனால் பழைய பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. முதலில் பயாஸைச் சரி செய்யுங்கள், அதற்குச் செலவு ஒரு மல்டிமீட்டர்தான். அளக்கும் முனைகள் வெளியே இல்லாத ஆம்ப் என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். உள்ளே உள்ள கண்டென்சர்கள் அணைத்த பிறகும் 400 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். அதன்பின் முகப்புக்கு, இரைச்சல் சோதித்துத் தேர்ந்தெடுத்த இரண்டு ஜேஜே அல்லது தட்டிப் பார்த்து வாங்கிய இரண்டு பெல். டெலிஃபுங்கன் நியாயமான விலையில், அசல் என்ற உறுதியோடு கிடைத்தால் மட்டும். ஈசிசி82-ஐயும் ஈஎல்34-ஐயும் தேயும்வரை விட்டுவிடலாம். கழற்றிய வால்வுகளை எறிய வேண்டாம். எந்த சாக்கெட்டில் இருந்தது, பயாஸ் எவ்வளவு காட்டியது என்று சீட்டு எழுதி ஒட்டிப் பெட்டியில் வையுங்கள். ஒரு நாள் ராத்திரி ஒரு சேனல் போனால், கோளாறு வால்விலா ஆம்பிலா என்று கண்டுபிடிக்க அவைதான் கைகொடுக்கும்.