வடிவேலு: தொலைக்காட்சி தந்த குழந்தைகளின் நகைச்சுவையாளர்

வடிவேலு தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர், குணச்சித்திர நடிகர். மதுரையில் பிறந்தவர். குழந்தைகளுக்கென எடுக்கப்பட்ட நிகழ்ச்சிகளால் புகழ்பெற்றவர் அல்லர். ஆயினும் 2000-க்குப் பின் வளர்ந்த தமிழ்க் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அவரே முதலில் அறிமுகமான நகைச்சுவையாளர். அவரை அவர்களிடம் கொண்டுசேர்த்தது திரையரங்கு அன்று, வீட்டுத் தொலைக்காட்சி. அந்த வழியாக வந்ததால் குழந்தைகள் அவரிடமிருந்து பெற்றது என்ன, பெறாமல் போனது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திரைவாழ்க்கை

வடிவேலு இளமையில் மதுரையில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் வேலை செய்தவர். நண்பர்களுடன் சேர்ந்து மேடை நாடகங்களில் நடித்தார். டி. ராஜேந்தரின் ‘என் தங்கை கல்யாணி’ (1988) படத்தில் சிறு தோற்றத்தில் வந்தார். கஸ்தூரிராஜா இயக்கி ராஜ்கிரண் நடித்த ‘என் ராசாவின் மனசிலே’ (1991) அவரை அறிமுகப்படுத்தியது. அந்தப் படத்திலேயே கவுண்டமணியிடம் அடி வாங்குபவராகத்தான் வந்தார்.

‘தேவர் மகன்’ (1992), ‘காதலன்’ (1994) ஆகிய படங்கள் அவரைக் கவனிக்கப்படும் நடிகராக்கின. ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001), ‘வின்னர்’ (2003), ‘கிரி’ (2004), ‘சந்திரமுகி’ (2005), ‘தலைநகரம்’ (2006), ‘மருதமலை’ (2007) ஆகியவை அவரது உச்ச காலத்துப் படங்கள். சிம்புதேவன் இயக்கிய ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் (2006) இரட்டை வேடங்களில் கதாநாயகனாக நடித்தார்.

2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தார். அதன் பின் பத்தாண்டுகள் அவரது படங்கள் மிகக் குறைந்தன. மாரி செல்வராஜ் இயக்கிய ‘மாமன்னன்’ (2023) அவரை வேறொரு நடிகராகத் திரும்பக் கொண்டுவந்தது.

வீட்டுக்குள் வந்த விதம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் குழந்தைகளுக்கென ‘கண்மணிப் பூங்கா’ போன்ற தனி நிகழ்ச்சிகள் இருந்தன. 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தபின் தனியார் அலைவரிசைகள் பெருகின. அவற்றில் படப்பாடல்களுக்கு அடுத்த இடத்தைத் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகள் பிடித்துக்கொண்டன. 2007-இல் சுட்டி தொலைக்காட்சி குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதில் வெளிநாட்டுச் சித்திரத் தொடர்கள் தமிழ் பேசின. 2009-இல் முழுநேர நகைச்சுவை அலைவரிசையாக ஆதித்யா தொலைக்காட்சி வந்தது.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டிகள் 2011 வரை கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றன. பக்கத்து வீட்டு வாசலில் நின்று படம் பார்த்த பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டில் பெட்டி வந்தது அப்போதுதான். அந்தப் பெட்டியில் எந்நேரமும் இருந்தவர் வடிவேலு. அவர் படங்களில் நடிக்காமல் இருந்த ஆண்டுகளிலும் பழைய காட்சிகள் நாள்தோறும் ஓடின. அவர் நடிப்பதை நிறுத்தியிருக்கிறார் என்பதே குழந்தைகளுக்குத் தெரியவில்லை.

கோடு கிழிக்கும் மனிதன்

வடிவேலுவின் நகைச்சுவைக்கு ஓர் அடிப்படை அமைப்பு உண்டு. முதலில் வீறாப்பு, அடுத்து அடி, பிறகு அந்த அடியை மறைக்கும் சமாளிப்பு. இந்த மூன்றாவது பகுதியே அவரது தனித்துவம். அடிவாங்கிச் சிரிக்கவைத்த நடிகர்கள் அவருக்கு முன்பும் உண்டு. அடி வாங்கியபின் சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடவாததுபோல் நடந்துபோவதை ஒரு கலையாக்கியவர் வடிவேலு.

‘வின்னர்’ படத்தில் அவர் கைப்புள்ள. வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவர். எதிரி கட்டதுரையை நேரில் கண்டதும் தரையில் ஒரு கோட்டைக் கிழித்து, அதை இருவருமே தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம் பேசுகிறார். பெரியவர்களுக்கு இது கோழையின் தந்திரம். பள்ளி மைதானத்தில் விளையாடும் பிள்ளைக்கு அது தினம் நடப்பது. தன்னைவிடப் பெரிய பையன் எதிரே வரும்போது கோடு கிழித்து விதி சொல்வதுதான் சிறுவனிடம் உள்ள ஒரே ஆயுதம். எதிராளி கோட்டைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் அவனுக்குத் தெரியும்.

‘தலைநகரம்’ படத்தின் நாய் சேகர் தன்னையும் ரவுடியாக ஏற்றுக்கொள்ளும்படி போலீசாரிடம் மன்றாடி, தானாகவே வண்டியில் ஏறுகிறார். பெரியவர்களின் கூட்டத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் குழந்தையின் ஏக்கமே அங்கு வேறு உடையில் வருகிறது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தின் ஒப்பந்தக்காரர் நேசமணி வேலையாட்களை அதட்டுகிறார். அவர்கள் கையிலிருந்து தவறிய சுத்தியல் அவர் தலையிலேயே விழுகிறது. அதட்டுபவர் தலையில் சுத்தியல் விழுவது, நாள் முழுதும் அதட்டல் கேட்கும் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக நான்கைக் கூறுகிறது. பிறரை எள்ளுதல் ஒன்று. மற்றவை குழந்தைத்தன்மை, பேதைமை, மடமை. வடிவேலுவின் நல்ல காட்சிகளில் பின்னவை மூன்றும் ஓங்கி நிற்கின்றன. பலவீனமான காட்சிகளில் முதலாவது மட்டுமே மிஞ்சுகிறது. அவரது படங்களைத் தரம்பிரிக்க இந்த அளவுகோலே போதும்.

பேச்சும் உடலும்

வடிவேலுவின் பேச்சு மதுரைப் பேச்சு. ‘வந்தாங்க’ என்பது அவர் வாயில் ‘வந்தாய்ங்க’ ஆகிறது. தொலைக்காட்சி இந்தப் பேச்சை வட மாவட்டங்களின் வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜி.எஸ்.டி. சாலை மேல் உள்ள சிங்கப்பெருமாள் கோயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘இன்னா’ என்றும் ‘இட்டுக்கினு’ என்றும் பேசும் பழைய குடும்பங்களும், மறைமலை நகர்ப் பகுதித் தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கு ஒரே தெருவில் வசிக்கின்றன. இவ்விரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான விளையாட்டு மொழியாக வடிவேலுவின் பேச்சு ஆகியது. தெற்கத்திப் பேச்சைக் கேலி செய்யும் பழக்கத்தை அது ஓரளவு குறைத்தது என்றே கூறலாம். கேலிக்குரியதாக இருந்த பேச்சை எல்லாரும் விரும்பிப் பேசத் தொடங்கினர்.

பேச்சு புரியாத வயதுக் குழந்தையும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. காரணம் அவரது உடல். பயம் முதலில் கண்ணுக்கு வரும், பிறகு கழுத்துக்கு, கடைசியாகக் கால்களுக்கு. ‘சந்திரமுகி’யில் அரண்மனை இருட்டில் அவர் நடுங்குவதற்கு வசனமே தேவையில்லை. ரோவன் அட்கின்சன் உருவாக்கிய மிஸ்டர் பீன் பெரும்பாலும் பேசாமலே உலகக் குழந்தைகளைச் சிரிக்கவைத்தார். வடிவேலுவின் காட்சிகளை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் பாதிச் சிரிப்பு மிஞ்சும். இருவருக்கும் வேறுபாடும் உண்டு. பீன் தனி ஆள். வடிவேலுவுக்கு எப்போதும் ஒரு கூட்டம் வேண்டும். போண்டா மணி, அல்வா வாசு, முத்துக்காளை, வெங்கல் ராவ், சிங்கமுத்து ஆகியோர் சுற்றி நின்று பார்ப்பதால்தான் அவரது அவமானம் முழுமை பெறுகிறது. இந்தத் துணைநடிகர்களுக்கு உரிய இடம் இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

கட்டியங்காரனும் புலிகேசியும்

தொலைக்காட்சிக்கு முன்பு தொண்டை மண்டலத்துக் கிராமக் குழந்தைகளுக்குச் சிரிப்புக் காட்டியவன் தெருக்கூத்தின் கட்டியங்காரன். திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக் கூத்தில் அரசன் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே, நீ யார் என்று கேட்பவன் அவன். அரசர்கள் பாடிப் பேசும் இடத்தில் அவன் ஊர்ப் பேச்சில் பேசுவான். துரியோதனனையும் கிண்டல் செய்வான். விடிய விடியக் கூத்துப் பார்க்கும் பிள்ளைகள் அவன் வரும்போது விழித்துக்கொள்வார்கள்.

கட்டியங்காரன் அரசனைக் கேலி செய்பவன். வடிவேலுவின் கைப்புள்ளயும் நாய் சேகரும் அரசனாகப் பாவனை செய்து அகப்பட்டுக்கொள்பவர்கள். ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் இந்த இரண்டும் ஒன்றாகின்றன. புலிகேசி அரசனும் அவனே, அரசனைக் கேலி செய்பவனும் அவனே. தன் முகத்துக்குக் கீழே கட்டுடலை வரையவைக்கும் காட்சியும், சாதிச் சண்டைக்கென மைதானம் திறந்துவைக்கும் காட்சியும், அந்நியக் குளிர்பானங்களைக் குடிமக்களுக்கு விற்கும் காட்சியும் நேரடியான அரசியல் கிண்டல்கள். குழந்தைகள் மீசையையும் நடையையும் பார்த்துச் சிரித்தார்கள். வளர்ந்தபின் அதே காட்சியின் பொருள் அவர்களுக்குப் புரிந்தது. ஒரே காட்சி இரண்டு வயதுகளில் இரண்டு விதமாகப் பயன்படுவது நல்ல குழந்தை இலக்கியத்தின் இயல்பு. அந்த வகையில் வடிவேலுவின் படங்களில் குழந்தைகளுக்கு மிக நெருக்கமானது இதுவே.

வெட்டப்பட்ட காட்சிகளின் குறை

அலைவரிசைகள் காட்டியவை முழுப் படங்கள் அல்ல, ஐந்து நிமிடத் துண்டுகள். துண்டாக்கும்போது அடி நிற்கிறது, அடிக்கான காரணம் போய்விடுகிறது. கைப்புள்ள அடி வாங்குவது அவரது பொய்யால் என்று முழுப் படம் பார்ப்பவருக்குத் தெரியும். துண்டை மட்டும் பார்க்கும் குழந்தைக்கு, அடிவாங்கவே பிறந்த ஒருவர் அடி வாங்குகிறார் என்றுதான் தோன்றும்.

இதன் விளைவைப் பள்ளிகளில் காணலாம். வகுப்பில் ஒல்லியான பையனுக்கும் திக்கிப் பேசுபவனுக்கும் இந்தக் கதாபாத்திரங்களின் பெயர்கள் பட்டப்பெயர்களாயின. அந்தப் பையன் அடி வாங்கும்போது மற்றவர்கள் சிரிப்பது விளையாட்டாகக் கருதப்பட்டது. நிறத்தையும் உருவத்தையும் கிண்டல் செய்யும் வசனங்கள் அவரது படங்களில் ஏராளம். அவற்றில் பல அவரது நிறத்தையே குறிவைத்தவை. பெண்களையும் மனநலம் குன்றியோரையும் இழிவுசெய்யும் காட்சிகளும் உண்டு. அவை மாலை நேரத்தில் குழந்தைகள் முன் ஓடின. எழுதிய வசனகர்த்தாக்கள், இயக்கியவர்கள், நடித்தவர், ஒளிபரப்பியவர்கள் என எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. பெட்டியை இயக்கிவிட்டு வேலை பார்க்கப் போன பெற்றோருக்கும் உண்டு.

அதே துண்டுகள் இன்னொரு வாழ்வையும் பெற்றன. அவரது முகபாவங்கள் இணையத்தில் கேலிப்படங்களாயின. 2019 மே மாதம் ஒரு கட்டுமானப் பொறியியல் முகநூல் பக்கத்தில் வெளியான சுத்தியல் படம் நேசமணியை நினைவூட்ட, அவர் நலம்பெற வேண்டும் என்ற விளையாட்டு உலக அளவில் பரவியது. அதைப் பரப்பியவர்களில் பலர் தொலைக்காட்சி முன் வளர்ந்த அந்தப் பிள்ளைகளே. ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ (2013), ‘நானும் ரவுடி தான்’ (2015), ‘நாய் சேகர்’ (2022) ஆகிய படத்தலைப்புகள் அவரது காட்சிகளிலிருந்து வந்தவை.

இசக்கி முதல் மாமன்னன் வரை

‘தேவர் மகன்’ படத்தில் வடிவேலுவின் பெயர் இசக்கி. சொன்னதைக் கேட்டுக் கோயில் பூட்டை உடைத்ததற்காக அவன் கை வெட்டப்படுகிறது. அந்தப் படத்தில் அடி சிரிப்பாக்கப்படவில்லை. பின்னர் வந்த இருபது ஆண்டுகளில் அவர் உடல் மேல் விழுந்த அடிகள் அனைத்தும் சிரிப்பாக்கப்பட்டன. ‘மாமன்னன்’ இசக்கியை மனத்தில் வைத்து உருவானது என மாரி செல்வராஜ் கூறியிருக்கிறார். தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான மாமன்னன், ஆதிக்கச் சாதித் தலைவர் முன் நாற்காலியில் உட்காராமல் நின்று பழகியவர். அவரை உட்காரச் சொல்வது அவரது மகன். இறுதியில் அவர் சட்டமன்றத்தின் சபாநாயகர் இருக்கையில் அமர்கிறார்.

சிறுவயதில் வடிவேலு அடிவாங்குவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்தப் படம் வந்தபோது இளைஞர்களாகவும் பெற்றோர்களாகவும் இருந்தார்கள். மலை மேல் நின்று அவர் அழும் காட்சியில் அவர்களால் சிரிக்க முடியவில்லை. பழைய சமாளிப்புச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பதை அவர்கள் அப்போது கண்டார்கள்.

மதிப்பீடு

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிப்போடு சீர்திருத்தம் சொன்னார். நாகேஷ் வேகத்தாலும் உடல்மொழியாலும் சிரிக்கவைத்தார். வடிவேலு தோற்றவனின் பக்கத்திலிருந்து சிரிக்கவைத்தார். எத்தனை முறை விழுந்தாலும் எழுந்து, பெருமை குலையாமல் நடக்கப் பார்க்கும் ஒருவரைக் குழந்தைகள் தங்களில் ஒருவராக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அவரது சாதனை இது. அடிபட்டவனோடு சேர்ந்து சிரிப்பதற்கும் அவனைப் பார்த்துச் சிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் துண்டுக் காட்சிகள் கற்றுத்தரவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் பெரியவர் கற்றுத்தரலாம். ‘புலிகேசி’யை முழுப் படமாகப் பார்க்கச் செய்து, பிள்ளைகள் வளர்ந்தபின் ‘மாமன்னன்’ படத்தையும் காட்டினால் வடிவேலு என்னும் கலைஞர் அவர்களுக்கு முழுமையாகக் கிடைப்பார்.