துவர்ப்பும் ஒரு சுவைதான்

ஒசூரைச் சாக்கிட்டு மதுவைப் பற்றி எழுதுவது கொஞ்சம் துணிச்சலான காரியந்தான். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1937-ல் அவர் சென்னை மாகாணப் பிரதமராக இருந்து மதுவிலக்கை முதன்முதலில் அமல் செய்தது சேலம் ஜில்லாவில். ஒசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. ஆகவே, குடிக்கு நான் சிபாரிசு செய்கிறேன் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். குடி கெடுத்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது, பழகாத ஒரு ருசியின் மேல் தீர்ப்புச் சொல்லும் விஷயத்தை.

ஒசூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் சிநேகிதர் ஒருவர் எல்லைக்கு அப்பால், அத்திப்பள்ளியில் குடியிருக்கிறார். சென்ற மாசம் அவர் வீட்டில் எனக்கு விருந்து. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்து வைத்தார்.

“பிரான்ஸ் தேசத்துச் சரக்கா?” என்றேன்.

“இல்லை ஸார், நந்தி மலைப் பக்கம். பெங்களூரைத் தாண்டினால் வந்துவிடும்.”

அந்தப் பக்கத்துத் திராட்சை என்றால் எனக்குத் தெரிந்தது ‘பெங்களூர் ப்ளூ’ ஒன்றுதான். தடித்த தோல், தூக்கலான மணம், தித்திப்பு. ஆனால் இது வேறு. 1988-ல் க்ரோவர் நிறுவனம் தொட்டபள்ளாபூர் அருகே பிரெஞ்சு ஜாதிக் கொடிகளை நட்டு ஒரு புது வழியைத் தொடங்கிவைத்தது. நம் சீதோஷ்ணத்தில் திராட்சைக்கொடி உறங்குவதற்குக் குளிர்காலம் கிடையாது. அதனால் வருஷத்தில் இரண்டு முறை கவாத்து செய்து, ஒரு முறை மட்டுமே ஒயினுக்குப் பழம் எடுக்கிறார்கள். என் முன்னால் இருந்தது காபர்னே சாவிஞோன், ஷிராஸ் என்ற இரண்டு ஜாதிகளையும் கலந்தது.

ஒரு வாய் குடித்தேன். நாக்கை இரண்டு பக்கமும் யாரோ பிடித்து இழுத்தாற்போல் இருந்தது. “கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறதே!” என்றேன்.

சிநேகிதர் சிரித்துவிட்டு, பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த வர்ணனையை வாசித்தார். ஏதேதோ சீமைப் பழங்களின் பெயர்கள். அவற்றை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவருடைய மாமியார், மதுவைத் தொடாத அம்மாள், கோப்பையை மோந்து பார்த்துவிட்டு, “நேரேடு பண்டு வாசனை” என்றார். தெலுங்கில் அது நாவல்பழம்.

அதற்குள் அரைமணி கடந்துவிட்டது. குளிர் தணிந்திருந்தது. காற்றும் பட்டிருந்தது. மறுபடி ஒரு வாய் குடித்தேன். நாவல்பழமேதான்! பின்னால் மிளகு. அதற்கும் பின்னால், பாட்டியின் மரப்பெட்டியைத் திறந்தாற்போல ஒரு வாசனை. கறி வறுவலோடு சேர்ந்தபோது துவர்ப்பும் அடங்கி நின்றது. அந்தத் துவர்ப்பு பழத்தின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. பாக்கிலும் கடுக்காயிலும் தேயிலையிலும் இருக்கும் அதே வர்க்கம். மிகவும் குளிர்ந்திருந்தால் அது முறைத்துக்கொண்டு நிற்கும். அறுசுவையில் துவர்ப்புக்கும் இடம் கொடுத்தவர்கள் நாம். அதையே நான் கெட்டுப்போனது என்றேன்!

யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். மதுவை ஏற்றி வந்த அந்த மாதிரி ஜாடிகளின் துண்டுகள் 1945-ல் அரிக்கமேட்டு அகழ்வில் கிடைத்தன. அந்தப் புலவர் யவனனுடைய வர்ணனையைக் கடன் வாங்கவில்லை. குளுமை, மணம் என்று தம் நாக்குக்கும் மூக்குக்கும் தெரிந்ததைச் சொன்னார். ரஸனைக்கு அதுதான் முதல் படி என்று எண்ணுகிறேன்.

இதை நான் எழுதுவதற்கு வேறு காரணம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன், இந்த எல்லைப் பக்கத்து இளைஞர் ஒருவரின் முதல் நாவலுக்கு மதிப்புரை எழுதினேன். தெலுங்கும் கன்னடமும் ஊடாடும் தமிழ். ‘பண்படாத நடை’ என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டேன். காவேரிக்கரைத் தமிழின் தித்திப்பு என் நாக்கில் ஊறியிருந்தது. அந்த இளைஞர் இரண்டாவது நாவல் எழுதவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ஊர் திரும்பியதும் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அதில் ஒரு கிழவி தெலுங்கில் திட்டுகிறாள், தமிழில் அழுகிறாள். நான் பண்படாதது என்று எழுதியது, அந்த ஊர் வீடுகளில் இன்றும் கேட்கிற பேச்சு. கடைசிப் பகுதியில் கதை அவசரப்படுகிறது. அது அன்றும் குறை, இன்றும் குறை. அந்த ஒயினிலும் விழுங்கிய பிறகு தொண்டையில் கொஞ்சம் எரிச்சல் மிஞ்சத்தான் செய்தது. ரசிப்பது என்றால் குறையை மன்னித்துவிடுவது அல்ல. ஆனால் குறை சொல்வதற்கு முன்னால் அரைமணி காத்திருக்கலாம்.

ஒயினுக்கு அரைமணி காத்திருந்தேன். அந்த நாவலுக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை.