தியாகம் என்ற பிடி

சாமர்செட் மாம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது 1938இல் அவர் திருவண்ணாமலைக்கு வந்து ரமணாச்ரமத்தில் மயங்கி விழுந்த கதைதான். தரப்பட்டியல் போடுகிறவர்கள் அவரை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டு தாஸ்தயேவ்ஸ்கிக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போனவன்தான். பி.ஏ. படிக்கும்போது ‘ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்’ (1915) நாவலைப் படித்து, ஃபிலிப் கேரியை ஒரு தியாகியாக வரித்துக்கொண்டு அழுதேன். பதினைந்து வருஷம் கழித்து மறுபடி படித்தபோது அந்த அழுகைக்காக வெட்கப்பட வேண்டியிருந்தது.

ஃபிலிப் வளைந்த பாதத்தோடு பிறந்தவன். சிறு வயதிலேயே தாயை இழந்தவன். லண்டனில் மருத்துவம் படிக்கும்போது, டீக்கடையில் பரிமாறும் மில்ட்ரெட்டின் மேல் பித்தாகிறான். அவளிடம் அழகில்லை, அறிவில்லை, தன்மேல் துளி ஈடுபாடும் இல்லை - மூன்றும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை. நம் இலக்கணக்காரர்கள் கைக்கிளை என்று பெயர் வைத்து, ஐந்திணைக்கு வெளியே திண்ணையில் நிறுத்திய விவகாரம் இங்கே நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அவள் வேறொருவனோடு போகிறாள். அவன் கைவிட, கர்ப்பத்தோடு திரும்புகிறாள். பிரசவச் செலவு ஃபிலிப்புடையது. பிறகு அவனுடைய நண்பன் கிரிஃபித்ஸின்மேல் அவளுக்கு மோகம். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்வரத் தானே பணம் தருவதாக ஃபிலிப் சொல்கிறான். நான் அழுத இடம் இது. இன்று படிக்கும்போது வேறு காரியங்கள் தென்படுகின்றன: தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் ருசி, எப்படியும் மறுத்துவிடுவாள் என்ற நப்பாசை, எல்லாவற்றுக்கும் மேல், பணம் கொடுத்தவன் என்கிற முறையில் அவர்கள் இருக்கும் அறைக்குள்ளும் தனக்கென ஒரு மூலை. வங்கியில் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்தவன் நான். மீட்க வழியில்லை என்று தெரிந்தே வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வட்டி கட்டும்வரை நகை தன்னுடையது.

விடுதல் ஃபிலிப் எடுத்த முடிவு அல்ல. தெருவில் உடலை விற்கும் நிலையில் அவளைப் பார்த்து, குழந்தையோடு தன் இருப்பிடத்துக்குக் கூட்டிவருகிறான். இப்போது அவனிடம் ஆசை இல்லை. எப்போது போயிற்று என்பதும் அவனுக்குத் தெரியாது. இரக்கம் மட்டும் மிச்சம். மில்ட்ரெட்டால் தாங்க முடியாதது அதுதான். தன்னையே கொடுக்க வருகிறாள். அருவருப்பாக இருக்கிறது என்கிறான். அவன் காலைக் குறித்து அந்த ஒரு வசைச்சொல்லைக் கத்துகிறாள். மறுநாள் அவன் வெளியே போன நேரத்தில் படங்களைக் கிழித்து, சாமான்களை உடைத்து, வீட்டையே நாசமாக்கிவிட்டுப் போய்விடுகிறாள். நாவல் முழுக்க மாம் இவளுக்கு அநியாயம் செய்திருக்கிறார். ஃபிலிப்பின் கண்ணைத் தவிர வேறு கண்ணால் அவளைப் பார்க்க நம்மை விடவே இல்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் ஆசிரியரின் கையை மீறிவிடுகிறாள். அவன் கொடுத்ததற்கெல்லாம் அவள் எழுதிய ரசீது அந்த உடைசல்.

நம் நாவல்களில் கொடுக்கிறவன் எப்போதும் சுத்தமானவன். பெற்றுக்கொண்டவள் வாய் திறந்தால் நன்றி கெட்டவள். மாத நாவல்களை மட்டும் சொல்லவில்லை. நானே ஒரு குறுநாவல் எழுதி வைத்திருக்கிறேன், காதலித்தவளை நண்பனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ரயிலேறுகிறவனைப் பற்றி. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். தொண்ணூறு பக்கத்தில் அந்தப் பெண் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை.

ஃபிலிப்பை நேசித்தவள் நோரா. அவளுடைய பிரியத்தில் குளிர்காய்ந்துவிட்டு, மில்ட்ரெட் திரும்பியதும் அவளைக் கழற்றிவிடுகிறான். தனக்கு மில்ட்ரெட் செய்ததை அப்படியே நோராவுக்குச் செய்கிறோம் என்பதும் தெரிந்தே செய்கிறான். பின்னால் ஒருநாள் அவளைத் தேடிப் போனால், அவளுக்கு வேறொருவரோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எதையும் உடைக்காமல் விட்டவள் அவள். மாம் இதைச் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். நோராவின் நாவலை அவர் எழுதவில்லை. கடைசியில் வரும் ஸாலி, ஆசிரியர் தன் ஆசைக்குச் செய்துகொண்ட பொம்மை. அந்த அத்தியாயங்களை இந்த முறை வேகமாகப் புரட்டினேன்.

விமர்சகர்கள் எல்லோரும் பிடித்துக்கொள்வது பாரசீகக் கம்பளத்தை: வாழ்வுக்கு அர்த்தம் இல்லை, நெய்கிறவன் தன் இஷ்டத்துக்கு ஒரு கோலம் போட்டுக்கொள்கிறான் என்பது. எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. அந்த ஞானோதயம் ஃபிலிப்புக்கு எங்கே வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். பழைய நண்பன் ஹேவர்டு இறந்த செய்தி கேட்டு, பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏதென்ஸ் நகரத்துக் கல்லறைக் கற்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். கற்களில் விடைபெறும் காட்சிகள். ஒன்றில் இரண்டு இளைஞர்கள் கைகோத்து நிற்கிறார்கள். கம்பளத்துக்கு முந்திய பத்தியில் இது வந்துபோகிறது. இரண்டு நாளாக அந்தப் பத்தியையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.