கட்டுக்குள் நிற்கும் மூன்று எண்கள்

வகைத் தரவு என்பது அளந்து பெறுவது அன்று, எண்ணிப் பெறுவது. இன்ன வகையில் இத்தனை பேர் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அந்த எண்ணிக்கைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் விகிதங்களை, அவை மீறக்கூடாத நிபந்தனைகளுக்கு உட்படுத்தி மதிப்பிடும் கலையின் அழகை ஏபிஓ இரத்த வகைகளின் வரலாற்றில் கண்ணாரக் காணலாம்.

முதல் உலகப் போரின்போது சலோனிக்காவில் லுட்விக், ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்ட் இணையர் பல நாட்டுப் படைவீரரின் இரத்தத்தைச் சோதித்து 1919இல் வெளியிட்ட அட்டவணையில், இந்தியர் 1,000 பேரில் ஓ 313, ஏ 190, பி 412, ஏபி 85 என்று காணப்படுகிறது. ஏயும் பியும் இரு தனி மரபணுக்களால் ஒன்றையொன்று சாராமல் கடத்தப்படுகின்றன என்ற அக்காலக் கொள்கையின்படி கணக்கிட்டால் ஏபி வகையினர் ஏறத்தாழ 137 பேர் இருந்திருக்க வேண்டும். மரபணு ஒன்றே, அதற்கு மூன்று வடிவங்கள் உண்டு என்று 1924இல் கோட்டிங்கன் கணிதர் ஃபெலிக்ஸ் பேர்ன்ஸ்டைன் முன்வைத்த கொள்கையின்படியோ 86 பேர் வருகின்றனர். கண்டது 85.

பேர்ன்ஸ்டைனின் வழி எளியது: ஓ வகையினர் இரு ஓ வடிவங்களைப் பெற்றவர் ஆதலால், அவர்களது பங்கின் வர்க்கமூலமே ஓ வடிவின் பங்கு, மற்ற இரண்டும் இதே போக்கில் கிடைக்கும். ஆயினும் ஒன்றாக வேண்டிய மூன்றின் கூட்டுத்தொகை 0.9988 என்றே வருகிறது. இச்சிறு குறையிலிருந்துதான் உகப்பாக்கம் தொடங்குகிறது. கூட்டுத்தொகை ஒன்று என்ற நிபந்தனைக்குள் நின்று, கண்ட எண்ணிக்கைகள் நிகழ்வதற்கான வாய்ப்பை உச்சமாக்கும் மதிப்புகளை அது தேடுகிறது. அந்நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தினால் வாய்ப்பின் மடக்கை எவ்வளவு உயரும் என்று காட்டும் லக்ராஞ்சியப் பெருக்கி இங்கே சரியாக 2,000 ஆகிறது. அது ஆயிரம் பேர் சுமக்கும் மரபணுப் படிகளின் எண்ணிக்கையே. இக்கலையில் இதைவிட அழகான சமன்பாட்டைக் காண்பது அரிது.

செப்பெல்லினி, சினிஸ்கால்கோ, ஸ்மித் ஆகியோர் 1955இல் தந்த மரபணு எண்ணும் முறை இதைக் கைக்கணக்காக்கிவிடுகிறது. ஏ வகையினர் 190 பேரில் இரு ஏ உடையவர் எத்தனை, ஏயும் ஓவும் உடையவர் எத்தனை என்பது வெளியே தெரியாது. கையிலுள்ள மதிப்பீட்டின்படி அவர்களைப் பிரித்து, படிகளை எண்ணி, 2,000ஆல் வகுத்து, வந்த விடையைக் கொண்டு மீண்டும் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுத்தொகை தானே ஒன்றாகிறது, வாய்ப்பு ஒருபோதும் குறைவதில்லை. முடிவில் ஏ 0.149, பி 0.291, ஓ 0.560 என நிலைக்கிறது.

புத்தளம் மாவட்டக் கரையிலுள்ள உச்சமுனை போன்ற சிற்றூரில் 40 பேரைச் சோதித்து ஓ 20, ஏ 10, பி 10 என அமைந்து, ஏபி ஒருவரும் கிடைக்கவில்லை எனக் கொள்ளலாம். வெறும் எண்ணிக்கை ஏபியின் பங்கு சுழியம் என்கிறது. நிபந்தனைக்கு உட்பட்ட மதிப்பீடோ ஏறத்தாழ ஒன்றரைப் பேரை எதிர்பார்க்கிறது, ஒருவரும் அகப்படாமல் போவதற்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலான வாய்ப்பும் உண்டு என்கிறது. உறவுக்குள் மணம் மிகுந்த ஊராயின், மணத்துணை மரபணுவைச் சாராமல் அமைகிறது என்ற எடுகோள் தளர்வதால், நான்கு வகைகளையும் மூன்று வடிவங்களோடு இணைக்கும் வாய்பாடுகளையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.